வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பால்: ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்க வேண்டியவை

காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு வீடு சேரும் அம்மாக்களுக்கானது இந்த வழிகாட்டி. குழந்தை நிறைமாதத்தில் பிறந்தது, நலமாக இருக்கிறது, வயது நான்கு மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்கிறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பாலைச் சேமிக்கும் விதிகள் இதைவிடக் கடுமையானவை. அதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்கிற முதல் தவறு, எடுத்த தாய்ப்பாலால் ஃப்ரீசரை நிரப்ப ஆரம்பிப்பது. இருபது பாக்கெட் பால் உறைந்து கிடக்கும். ஆனால் ஆபீஸில் பால் எடுக்க இடமும் நேரமும் பேசி வைத்திருக்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் ஃப்ரீசரும் காலி, பால் சுரப்பும் பாதி. மார்பு எவ்வளவு நேரம் நிறைந்தே கிடக்கிறதோ அவ்வளவுக்குச் சுரப்பு குறையும். அடிக்கடி காலியானால் மீண்டும் சுரக்கும். கையிருப்பு முதல் நாளுக்கு மட்டுமே. அதற்குப் பிறகு உங்களைக் காப்பாற்றுவது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுப்பதுதான்.

1. விடுப்பு முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். எடுத்துவிட்டால் பிறகு மிஞ்சுவது 18 வாரம், அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே நீங்கள் வேலையில் இருப்பீர்கள். இட்லி, கஞ்சி எதுவும் தொடங்காத வயது அது. பகல் முழுவதற்கும் பால்தான் வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. ஒரு வயதுக் குழந்தை பகலில் சோறு சாப்பிடும் என்பதால் அவர்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதி தேவைப்படாது.

நான்கு வாரம் முன்பு ஆபீஸில் பேசுங்கள், பால் எடுக்கும் பம்ப் வாங்குங்கள். மூன்று வாரம் முன்பு பாலாடையோ (குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சிறு கிண்ணம்) பாட்டிலோ பழக்குங்கள். இரண்டு வாரம் முன்பு பால் சேர்க்கத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் ஒரு முழுநாள் ஒத்திகை. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? பால் சேர்த்து முடித்த பிறகுதான் குழந்தை பாட்டிலைத் தொடவே மறுக்கிறது என்று தெரியவரும்.

திங்கட்கிழமை வேலையில் சேராதீர்கள். புதன் அல்லது வியாழன் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நாளில் விடுமுறை வந்துவிடும். எது சரிப்படவில்லை என்று பார்த்துத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

2. ஆபீஸில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்

நேரம், இடம், ஃப்ரிட்ஜ். இந்த மூன்றும் முடிவாகாமல் வேலையில் சேர வேண்டாம்.

நேரம்: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அங்கே ஒரு நாளில் நான்கு முறை போய்வரலாம், ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே உரிமைகள் இருக்கின்றன. சட்டம் பேசுவது குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றி. பம்ப் செய்வதைத் தனியாகக் குறிப்பிடவில்லை. அதனால் "10:30, 4:30 ஆகிய இரண்டு வேளைகளில் அரை மணி நேரம், பால் எடுத்து வைக்க" என்று மின்னஞ்சலில் தெளிவாகக் கேளுங்கள். மூன்றாவது முறை மதிய உணவு இடைவேளையில் முடிந்துவிடும்.

இடம்: உள்ளே தாழிடக்கூடிய அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், பக்கத்தில் கைகழுவக் குழாய். இவ்வளவு போதும். கழிப்பறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது உணவு தயாரிக்கும் இடம் இல்லை. மீட்டிங் அறையைக் கொடுத்தால் காலண்டரில் ஒரே நேரத்தைத் தினமும் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். பதியாத அறையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு இது சற்றுச் சிக்கல். பத்து நிமிட இடைவேளை எதற்கும் போதாது. கால அட்டவணை போடும்போதே, இடைவேளையை ஒட்டி ஒரு ஓய்வுப் பாடவேளை வருமாறு கேட்டுவிட வேண்டும். அட்டவணை வெளியான பின் கேட்டால் இன்னொருவர் வகுப்பை மாற்ற வேண்டும், மனக்கசப்புதான் மிஞ்சும். பனியன் கம்பெனி லைனில் இருப்பவர்களுக்கு பிளக் பாயின்ட் கிடைப்பதே கடினம். அவர்கள் 4-ஆம் பகுதியை முதலில் படிக்கலாம்.

3. பம்ப் வாங்கும்போது புனலின் அளவைப் பாருங்கள்

தினமும் மூன்று முறை எடுக்க வேண்டியவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சார பம்ப் ஏற்றது. 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். ஒரு பக்க பம்ப் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் ஆபீஸில் கிடைக்காது. சார்ஜ் செய்யக்கூடியதாக இருந்தால் மின்வெட்டுக்கும் கார் பயணத்துக்கும் உதவும்.

விலையையும் பிராண்டையும் பார்ப்பவர்கள் மார்பில் பொருத்தும் புனலின் அளவைக் கவனிப்பதில்லை. பெரும்பாலும் பெட்டியில் 24 அல்லது 28 மில்லிமீட்டர் புனல் வரும். பலருக்கு அது பெரிது. முலைக்காம்பின் விட்டத்தை (கருவட்டத்தை விட்டுவிட்டு) ஒரு ஸ்கேலால் அளந்து, அதோடு அதிகபட்சம் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 17 இருந்தால் 19 அல்லது 20 அளவுப் புனல். கருவட்டமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டால் புனல் பெரிது; காம்பு பக்கச் சுவரில் உரசினால், எடுத்த பின் வெளுத்துப்போனால் சிறிது. வலித்தால் வேகத்தைக் குறைப்பதற்கு முன் புனலை மாற்றிப் பாருங்கள். வலி இருக்கும்வரை பால் இறங்காது.

இன்னொருவர் பயன்படுத்திய பம்ப் வேண்டாம். பல மாடல்களில் பால் துளி மோட்டார்வரை போய் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதை வெளியிலிருந்து கழுவ முடியாது.

புனல், வால்வு, பாட்டில் ஆகியவற்றில் மூன்று செட் வைத்திருந்தால் ஆபீஸில் கழுவும் வேலையே இல்லை. எடுத்த வேளைக்கு ஒரு செட், எல்லாவற்றையும் இரவு வீட்டில் கழுவலாம்.

4. கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள்

பம்ப் இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். சார்ஜர் மறந்த நாளிலும் வால்வு கிழிந்த நாளிலும் கைதான் உதவும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாய் அகன்ற, வெந்நீரில் கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை காம்புக்கு மேலே சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளியும், மற்ற விரல்களை அதே தூரத்தில் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று நெருக்கி, விடுங்கள். பின்னால், நெருக்கி, விடு, இதே தாளம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் துளிதான் வரும், பிறகு பீய்ச்சும். ஓட்டம் குறைந்ததும் விரல்களை வட்டமாக நகர்த்தி வேறு இடத்தில் அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடம், பக்கம் மாற்றி மாற்றி.

காம்பையே பிடித்து இழுப்பது தவறு. பால் காம்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. தோலின் மேல் விரலைத் தேய்த்தால் புண்ணாகும்.

பம்ப் முடித்த பின் இப்படி இரண்டு நிமிடம் கையால் எடுத்தால் இன்னும் கொஞ்சம் வரும். அந்தக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம்.

5. பாலாடையா, பாட்டிலா?

இரண்டுமே முடியும். பாலாடையில் இடுக்கு இல்லை, கழுவ எளிது. குழந்தைக்கு இரண்டு வகைச் சப்புதல் குழப்பமும் வராது. ஆனால் பகல் முழுவதும் பாலாடையில் புகட்டப் பொறுமையான ஒருவர் வீட்டில் வேண்டும், சிந்தவும் செய்யும். ஐந்து மாதத்துக்கு மேல் சிறிய எவர்சில்வர் கப்பிலேயே பல குழந்தைகள் குடித்துவிடும்.

பாலாடையில் கொடுக்கும்போது மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்குப் பகுதியைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை தானே நாக்கால் இழுத்து விழுங்கட்டும். விழுங்கிய பின் அடுத்த வாய்.

பாட்டில் என்றால் பால் மிக மெதுவாக வரும் ரப்பர் காம்பைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் வைத்து, இடையிடையே நிறுத்தி, ஒரு வேளைக்கு 15 நிமிடமாவது ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் காலியாகும் பாட்டிலுக்குப் பழகிய குழந்தை மார்பில் பொறுமையிழக்கும். அதோடு தேவைக்கு மேல் குடிக்கும். நீங்கள் எடுக்கும் பால் போதவில்லை என்ற பயம் வீட்டில் கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

முதல் சில முறை அம்மா கொடுக்க வேண்டாம். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், நீங்கள் அடுத்த அறையில்கூட இருக்காதீர்கள். குழந்தைக்கு வாசனை தெரியும். பசியில் அலறும்போது புது வித்தை காட்டக் கூடாது. பால் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆன, சமாதானமான நேரமாகப் பார்த்து 30 மி.லி. மட்டும்.

6. எவ்வளவு பால் வேண்டும்?

ஒன்று முதல் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மி.லி. அளவுக்குக் குடிக்கிறது. நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மி.லி. என்று கணக்கு வையுங்கள். 11 மணி நேரம் என்றால் 330 முதல் 500 மி.லி. பவுடர் பால் போல மாதம் ஏற ஏற இந்த அளவு ஏறாது.

ஒரு பாக்கெட்டில் 60 மி.லி. போதும். 150 ஊற்றி வைத்தால் குழந்தை 80 குடித்து மிச்சத்தைக் கொட்ட வேண்டிவரும். போதவில்லை என்றால் இன்னொரு 30 எடுக்கலாம்.

கையிருப்புக்கு முதல் நாள் தேவையும் அதில் பாதி கூடுதலும் இருந்தால் போதும்: ஏறக்குறைய 700 மி.லி. இரண்டு வாரத்துக்குத் தினமும் 50 மி.லி. சேர்த்தால் வந்துவிடும். அதிகாலையில்தான் பால் அதிகம் இருக்கும். குழந்தை முதல் பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். முதல் முறை 20 மி.லி.தான் வந்தது என்று கலங்க வேண்டாம். குழந்தை குடித்த பின் மிச்சத்தை எடுக்கிறீர்கள், அவ்வளவுதான் வரும். பேராசைப்பட்டு நாளுக்கு நான்கு முறை கூடுதலாக எடுத்தால் சுரப்பு தேவைக்கு மேல் ஏறி, மார்பு கட்டிக்கொள்ளும்.

7. வேலை நாள்

5:30-க்கு ஒரு முறை, கிளம்புவதற்குச் சற்று முன் 7:30-க்கு ஒரு முறை நேரடியாகப் பாலூட்டுங்கள். ஆபீஸில் 10:30, 1:30, 4:30. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் மீண்டும் நேரடியாக. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பவர் முழு வேளை கொடுக்க வேண்டாம், அழுதால் 30 மி.லி. போதும். வயிறு நிறைந்த குழந்தை நீங்கள் வரும்போது மார்பைத் திரும்பிப் பார்க்காது.

ஒவ்வொரு முறையும்: கை கழுவி, பம்ப்பை வேகமான லேசான இழுப்பில் வைத்து, பால் இறங்கியதும் மெதுவான ஆழமான இழுப்புக்கு மாற்றுங்கள். பாட்டிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பால் இறங்கத் தாமதமாகும். குழந்தையின் வீடியோ பாருங்கள், அல்லது பாட்டிலை ஒரு சாக்ஸால் மூடிவிடுங்கள். சொட்டு நின்ற பின் இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடட்டும்.

மீட்டிங் இழுத்துக்கொண்டே போனால் ஒரு வேளையைத் தாண்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் எடுத்தாலும் மேல். "மதியம் ஒரேயடியாக எடுத்துக்கொள்கிறேன்" என்பது வேலைக்கு ஆகாது. ஆறு மணி நேரம் விட்டு ஒரு முறை எடுப்பதும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பதும் மார்புக்கு ஒன்றில்லை.

இன்று எடுத்தது நாளைக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமைக்கு. சனி, ஞாயிறு பாட்டிலே வேண்டாம், நேரடியாக மட்டும். வார இறுதியில் சுரப்பு தானாகச் சரியாகும்.

உடையில் முன்பக்கம் திறக்கும் குர்தி, பருத்திப் பேடு, ஒரு மாற்று ரவிக்கை. பால் கசியத் தொடங்கினால் கைகளைக் கட்டிக்கொள்வதுபோல் மார்பை அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். வெளியூர் போனால் தமிழ்நாட்டின் அரசுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருக்கின்றன. பால் எடுக்கவும் அந்த அறையில் உட்காரலாம்; பூட்டியிருந்தால் நேரக் காப்பாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

8. சேமிப்பு

புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். நன்றாகக் குளிரும் ஏ.சி. ஆபீஸுக்குத்தான் அது பொருந்தும். மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு, அதுவும் மே மாதத்தில், இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். எடுத்த உடனே குளிரவையுங்கள். உறைந்த ஐஸ் பேக்குகள் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 4 நாள். தனிக் கதவு உள்ள, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம் மட்டும், ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிர் ஏறி இறங்கும்.

பாலைக் கதவில் வைக்காதீர்கள். உள்ளே பின்பக்கம் வையுங்கள். தேதியும் அளவும் எழுதுங்கள். உறையும்போது விரியும் என்பதால் பாக்கெட்டின் மேலே இரண்டு சென்டிமீட்டர் காலி விடுங்கள். புதுப் பாலைப் பழைய பாலோடு சேர்ப்பதானால் முதலில் அதைத் தனியாகக் குளிரவைத்த பிறகுதான். மின்வெட்டில் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும்.

உறையவைத்து உருக்கிய பால் சோப்பு வாசனை அடித்தால் கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். பாலில் உள்ள லைபேஸ் நொதி கொழுப்பை உடைப்பதால் சிலருக்கு அப்படி ஆகும்; குழந்தை குடித்தால் கொடுக்கலாம். குடிக்க மறுத்தால் இனி ஃப்ரிட்ஜ் பாலையே நம்புங்கள். புளித்த நாற்றம் என்றால் அது வேறு, கொட்ட வேண்டியதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு பாக்கெட்டை முன்கூட்டியே உருக்கி முகர்ந்து பாருங்கள், முப்பது பாக்கெட் சேர்த்த பிறகு அல்ல.

9. வீட்டில் இருப்பவருக்கு ஒரு தாள்

வாயால் சொன்னால் மறந்துபோகும். பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

முதலாவது: இந்தப் பாலை அடுப்பில் வைக்கக் கூடாது. பாட்டி, ஆயா, மாமியார் எல்லோரும் ஆயுள் முழுக்கப் பால் என்றால் காய்ச்சியவர்கள். அவர்கள் கை தானாக அடுப்புக்குப் போகும். காய்ச்சினால் நோய் எதிர்ப்புப் பொருள்கள் வீணாகும். வெதுவெதுப்பான நீர் நிரம்பிய கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் போதும். மைக்ரோவேவும் கூடாது; ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், வாய் வெந்துவிடும்.

மேலே ஏடு மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்பது இயல்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்த பாலை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை தொடவே கூடாது.

10. கழுவுதல்

முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை நேராக ஊற்றினால் பாலின் புரதம் ஒட்டிக்கொள்ளும். பிறகு இதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பும் வெந்நீரும். பாத்திரம் துலக்கும் தொட்டியில் போட வேண்டாம். நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். குழாயில் ஈரம் தெரிந்தால் பம்ப்பை வெறுமனே சில நிமிடம் ஓட்டுங்கள். பூஞ்சை தெரிந்தால் குழாயை எறியுங்கள்.

11. பால் குறைந்தால்

முதலில் பம்ப்பைச் சந்தேகியுங்கள், பிறகு உடம்பை. வால்வின் ரப்பர் தளர்ந்தால் இழுவிசை குறையும், பார்வைக்குத் தெரியாது. தினமும் மூன்று முறை எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். எத்தனையோ பேர் பத்து ரகப் பொடி வாங்கிச் சாப்பிட்ட பிறகு வால்வை மாற்றுகிறார்கள்.

அடுத்து, எத்தனை வேளை தவறவிட்டீர்கள் என்று எண்ணுங்கள். மாதவிலக்கையொட்டிச் சில நாள் குறையும், திரும்பி வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சூடோஎபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் சுரப்பைக் குறைக்கும். பாலூட்டுவதைச் சொல்லி மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

மீட்க ஒரு வழி: தினமும் ஒரு மணி நேரம், 20 நிமிடம் எடுத்து 10 ஓய்வு, 10 எடுத்து 10 ஓய்வு, மீண்டும் 10. நாலைந்து நாளில் வித்தியாசம் தெரியும். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள். பகலில் கொஞ்சமாகக் குடித்து இரவில் அடிக்கடி எழுந்து ஈடுகட்டும் குழந்தைகள் உண்டு. தூக்கம் கெடும், ஆனால் சுரப்புக்கு அது நல்லது. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். எடுக்காத பாலுக்கு அவை ஈடாகாது.

குழந்தைக்குப் போதுமா என்பதை பம்ப் சொல்லாது. ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

12. கட்டி, காய்ச்சல்

மார்பில் ஓரிடம் கல் மாதிரி ஆனால் வழக்கம்போலப் பாலூட்டுங்கள், இடையில் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். அழுத்திப் பிசையாதீர்கள், உள்ளே வீக்கம் கூடும். சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பாலை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தினால்தான் சீழ் கட்டும் அபாயம்.

13. ஆபீஸில் எடுப்பதைக் குறைக்கும்போது

ஒரு வயதை நெருங்கி, பகலில் சோறும் பருப்பும் நன்றாக இறங்கினால் ஆபீஸ் வேளைகளைக் குறைக்கலாம். முதலில் 1:30-ஐ விடுங்கள். மற்ற இரண்டையும் 11-க்கும் 3:30-க்கும் நகர்த்துங்கள். ஒரு வாரம் மார்பு கட்டாமல் இருந்தால் இரண்டில் ஒன்றை விட்டு, மற்றதை மதிய இடைவேளைக்குக் கொண்டுவாருங்கள். அதையும் ஐந்து நிமிடம், மூன்று நிமிடம் என்று சுருக்கி நிறுத்துங்கள். காலையும் மாலையும் இரவும் நேரடியாகக் கொடுப்பது அப்படியே தொடரும். பம்ப்பை மட்டும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வெளியூர் வேலை ஒன்று வந்தால் அன்றைக்குத் தேவைப்படும்.